குரல் நல்லா இருக்கு, வேலை கிடைக்குமா?

அனிமேஷனுக்கும் வீடியோ கேமுக்கும் குரல் கொடுக்கும் தொழிலைப் பற்றிக் கேளுங்கள் என்று போன இதழில் ஒரு சின்னக் கட்டம் போட்டிருந்தோம். கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து, நீளமானவற்றைச் சுருக்கி, என்னால் முடிந்த பதிலைச் சொல்கிறேன். பெயரைப் போடாதீர்கள் என்று பலர் கேட்டிருந்ததால் யார் பெயரும் இல்லை.

கேள்வி: "உன் குரல் நல்லா இருக்கு, டப்பிங் போகலாமே" என்று பள்ளிக்கூட நாளிலிருந்து எல்லோரும் சொல்கிறார்கள். நிஜமாகவே முயற்சி செய்யலாமா?

செய்யலாம். ஆனால் நல்ல குரலுக்கும் இந்த வேலைக்கும் இருக்கும் சம்பந்தம் நீங்கள் நினைப்பதைவிட ரொம்பக் குறைவு. மூக்கால் பேசுகிறவர், கீச்சுக்குரல்காரர், தொண்டை கரகரத்தவர் என்று எல்லோருக்கும் அனிமேஷனில் வேலை உண்டு, ஏனென்றால் அங்கே நடமாடுவது எலியும் பூதமும் ரோபோவும் கோபக்காரப் பாட்டியும்தான். ஆள் எடுப்பவர்கள் கவனிப்பது ஒன்றை. ஒரு வரியைக் கையில் கொடுத்தால், இதைச் சொல்கிற ஆள் யார், யாரிடம் சொல்கிறார், சொல்வதற்கு ஒரு நொடி முன்னால் என்ன நடந்தது என்பதையெல்லாம் முடிவு பண்ணிக்கொண்டு பேசுகிறீர்களா, இல்லை அழகாக வாசித்துவிட்டு நிற்கிறீர்களா?

ஸ்கிரிப்டில் "கதவு திறந்திருக்கு" என்று ஒரு வரி இருக்கிறது என்று வையுங்கள். முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பூட்டிவிட்டுப் போனவள் திரும்பி வந்து பார்க்கிறாள் என்றால் "கதவு" என்றதும் ஒரு மூச்சு உள்ளே போகும், "திறந்திருக்கு" பாதி காற்றாகத்தான் வரும். சிறையிலிருந்து தப்பிக்கப் பார்ப்பவன் கூட்டாளியிடம் சொல்கிறான் என்றால் கிசுகிசுப்பு, ஆனால் அதற்குள் ஒரு துள்ளல் ஓடும். சண்டை முடிந்து, எதிரே நிற்பவனை வெளியே போகச் சொல்லும் அர்த்தத்தில் ஒருத்தி சொல்கிறாள் என்றால் குரல் ஏறவே ஏறாது, ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்து விழும். ஸ்டுடியோவில் "மூணு விதமா கொடுங்க" என்று ஒரு வார்த்தையில் கேட்பார்கள். நடுவில் நிறுத்தாமல் மூன்றையும் கொடுத்துவிட வேண்டும். புதிதாக வருபவர்கள் இதில் மாட்டிக்கொள்வார்கள். முதல்முறை சாதாரணமாக, அடுத்தது சத்தமாக, மூன்றாவது மெதுவாக என்று ஒரே வாசிப்பையே மூன்று அளவில் தருவார்கள். அது மூன்று விதம் ஆகாது.

கேள்வி: மிமிக்ரி நன்றாக வரும். இருபது குரலில் பேசுவேன். இது கூடுதல் தகுதிதானே?

காது கூர்மையாக இருக்கிறது என்பதற்கு மிமிக்ரி நல்ல அத்தாட்சி. ஆனால் அது இன்னொருவர் ஏற்கெனவே எடுத்த முடிவுகளைத் திருப்பிச் சொல்வது. இங்கே புது ஆளைப் படைக்க வேண்டும். 1992-ல் வந்த பேட்மேன் அனிமேஷன் தொடருக்குக் குரல் கொடுத்த கெவின் கான்ராய், முகமூடி இல்லாதபோது அவன் புரூஸ் வெயின், அதற்கு ஒரு குரலும் முகமூடி போட்ட பேட்மேனுக்கு இன்னொரு குரலும் வைத்தார். அது வித்தை காட்டுவதற்காகச் செய்ததில்லை. எது இவனுடைய நிஜ முகம், எது வேஷம் என்று நாடக மேடைப் பயிற்சி உள்ள ஒரு நடிகர் யோசித்து எடுத்த முடிவு. அதற்கப்புறம் 2022-ல் இறக்கும் வரை அந்தப் பாத்திரம் திரும்பத் திரும்ப அவரிடமே வந்தது.

இன்னொரு விஷயம். இருபது குரல் இருக்கிறது, சரி. அதில் எத்தனை குரலை நான்கு மணி நேரம் விடாமல் பிடிப்பீர்கள்? ஒரு வருஷம் கழித்து அடுத்த பாகத்துக்குக் கூப்பிட்டால் அதே குரல் வருமா? நான் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் அரை நிமிஷம் பதிவு செய்து, கூடவே ஒரு குறிப்பும் எழுதி வைத்துக்கொள்வேன்: "ஒலி மூக்குக்குப் பின்னால், தாடை இறுக்கம், பேசுவதற்கு முன் சின்னச் செருமல்" என்கிற மாதிரி. அந்தக் குறிப்பு இல்லாமல் பழைய குரலைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு.

கேள்வி: அனிமேஷன் குரல், டப்பிங், கேம் குரல் மூன்றும் ஒன்றுதானே? ஒன்றில் இருப்பவர் இன்னொன்றுக்குப் போக முடியாதா?

போகலாம், போகிறார்கள். ஆனால் வேலை நடக்கும் முறை மூன்றிலும் வேறு.

மூல அனிமேஷனில், அதிலும் அமெரிக்கப் பாணியில், குரல்தான் முதலில். படம் அப்புறம். கையில் ஸ்கிரிப்ட் இருக்கும், கொடுத்து வைத்திருந்தால் பாத்திரத்தின் ஓவியம் ஒன்று இருக்கும். நீங்கள் எங்கே மூச்சு வாங்கினீர்கள், எங்கே தயங்கினீர்கள் என்பதைக் கேட்டுத்தான் அனிமேட்டர் அந்த முகத்தை அசைப்பார். பேசுபவரைக் கேமராவில் பிடித்து, புருவம் தூக்குவதைக்கூடப் பார்த்து வரைபவர்கள் உண்டு. அதனால் சுதந்திரம் அதிகம், பொறுப்பும்தான். ஜப்பானில் வழக்கம் தலைகீழ். படம் முதலில் வந்துவிடும், பல சமயம் வண்ணம் ஏறாத வெறும் கோடுகளாக ஓடும். சில மைக்குகளுக்கு முன்னால் மொத்தக் குழுவும் நின்று, தன் வரி வரும்போது முன்னே நகர்ந்து பேசிவிட்டுச் சத்தமில்லாமல் பின்வாங்குவார்கள். காகிதம் புரட்டும் ஒலிகூடக் கேட்கக் கூடாது. கொரோனாவுக்குப் பிறகு பல இடங்களில் ஆட்களைப் பிரித்துப் பதிவு செய்யத் தொடங்கினார்கள், அது வேறு கதை.

டப்பிங்கில் வேறு மொழியில் வேறு ஒருவர் ஏற்கெனவே நடித்து முடித்துவிட்டார். அவர் வாய் திறக்கும்போது திறந்து, மூடும்போது மூட வேண்டும். ப, ம மாதிரி உதடு ஒட்டும் எழுத்து படத்திலும் உதடு ஒட்டும் இடத்தில் விழுந்தால் பாதி வெற்றி. இதையெல்லாம் கவனித்துக்கொண்டே நடிப்பையும் விடாமல் இருப்பது பெரிய திறமை, அதற்குரிய மரியாதை அந்த வேலைக்குக் கிடைப்பதில்லை என்பது என் பழைய குறை. கேமுக்கு அடுத்த கேள்வியில் வருகிறேன்.

கேள்வி: கேம் ரெக்கார்டிங்கில் உட்கார்ந்து என்னதான் செய்வீர்கள்? விளையாடிக் காட்டுவார்களா?

உட்கார மாட்டோம், நின்றுதான். விளையாடிக் காட்டவும் மாட்டார்கள், ஏனென்றால் பெரும்பாலும் கேம் பாதிகூடத் தயாராகியிருக்காது.

மைக்குக்கு அந்தப் பக்கம் திரையில் ஒரு எக்ஸெல் ஷீட் ஓடும். ஒரு கட்டத்தில் ஃபைல் பெயர், அடுத்ததில் பாத்திரம், அதற்கடுத்து சூழ்நிலை, அப்புறம் வசனம். சூழ்நிலை என்ற கட்டத்தில் "மழை, தூரத்தில் எதிரி" என்று இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி, பல சமயம் காலியாகவே இருக்கும். வரிகள் கதை வரிசையில் வராது. நண்பன் செத்ததற்கு அழுகிற வரிக்கு அடுத்த வரியிலேயே கடைக்காரனிடம் பேரம் பேசுவீர்கள். அதுவும் அந்த நண்பன் கதையின் ஒரு கிளையில்தான் செத்திருப்பான். ஆடுபவர் அவனைக் காப்பாற்றியிருந்தால் ஒரு வசனம், கைவிட்டிருந்தால் ஒன்று, சந்திக்கவே இல்லை என்றால் இன்னொன்று. மூன்றையும் நீங்கள் பேசியாக வேண்டும். இப்படித்தான் வரிகள் பெருகுகின்றன. 2015-ல் வந்த ஃபால்அவுட் 4 கேமில் 1,11,000-க்கு மேல் வசன வரிகள் என்று அதை உருவாக்கிய பெதஸ்டாவே சொன்னது.

கூட நடிப்பவர் இருக்க மாட்டார். எதிர் வசனத்தை டைரக்டர் உணர்ச்சியில்லாமல் படிப்பார், அல்லது அதுவும் இருக்காது. ஒரு வரி, மூன்று டேக், அடுத்த வரி, இப்படியே மணிக்கணக்கில் போகும். இந்த இடத்தில்தான் முன்னே சொன்ன "முடிவு பண்ணிக்கொண்டு பேசுவது" சோறு போடுகிறது. யோசிக்க உங்களுக்குக் கிடைப்பது இரண்டு மூன்று நொடி.

அப்புறம் குட்டி வரிகள். காவலாளி சொல்லும் "யாரது?", "அங்கே ஏதோ சத்தம்", "குண்டு தீர்ந்துபோச்சு" மாதிரி. ஆங்கிலத்தில் இவற்றை பார்க்ஸ் என்பார்கள். ஆடுபவர் இதை நூற்றுக்கணக்கான தடவை கேட்கப் போகிறார், அதனால் ஒரே வரியைப் பல விதமாகப் பதிவு செய்வார்கள். பக்கத்தில் இருப்பவனிடம், பத்தடி தள்ளி இருப்பவனிடம், மைதானத்தின் அந்தக் கோடியில் இருப்பவனிடம் என்று தூரமும் மாறும். தூரம் என்றால் வெறும் சத்தம் கூடுவது இல்லை. தூரத்தில் இருப்பவரைக் கூப்பிடும்போது உயிரெழுத்து நீளும், சுருதி ஏறும், மூச்சு வேறு இடத்திலிருந்து வரும்.

கடைசியில் வருவது எஃபர்ட்ஸ், அதாவது வசனமில்லாத முக்கலும் கத்தலும். அடி வாங்குவது, அடிப்பது, ஏறுவது, குதிப்பது, தண்ணீருக்குள் மூச்சு முட்டுவது, தீயில் எரிவது, உயரத்திலிருந்து விழுவது, சாவது. சாவு மட்டுமே பல ரகம். டைரக்டர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காபி குடித்துக்கொண்டே "இன்னும் கொஞ்சம் மெதுவா எரிஞ்சு சாகலாமா?" என்பார், நீங்களும் சரி என்று மெதுவாக எரிந்து சாவீர்கள். சிறிய அடி, நடுத்தர அடி, பெரிய அடி என்று ஷீட்டிலேயே அளவு போட்டிருக்கும். சின்ன அடிக்கே முழு பலத்தையும் காட்டிவிட்டால் பெரிய அடிக்கு மேலே போக இடம் இருக்காது. இந்தக் கத்தல் சமாச்சாரம் எல்லாம் பதிவின் கடைசியில் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டு வையுங்கள். காலையிலேயே கத்த வைத்துவிட்டு மதியம் காதல் வசனம் கேட்டால் தொண்டையில் ஒன்றும் மிச்சமிருக்காது.

இப்போது பெரிய கேம்களில் குரலோடு உடம்பும் சேர்ந்து பதிவாகிறது. புள்ளி ஒட்டிய உடை, முகத்துக்கு முன்னால் சின்னக் கேமரா. 2023-ல் பால்டர்ஸ் கேட் 3-ல் ஆஸ்டேரியன் பாத்திரத்துக்காக நீல் நியூபனுக்கு 'த கேம் அவார்ட்ஸ்' விழாவில் சிறந்த நடிப்பு விருது கிடைத்ததே, அதில் அந்தப் பாத்திரத்தின் கையசைவும் நடையும் அவருடையதுதான். அதனால்தான் நாடகம் கற்றுக்கொள்ளுங்கள் என்று சலிக்காமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: நிறைய ஆடிஷன் அனுப்பிவிட்டேன், ஒரு பதில்கூட வரவில்லை. "உங்கள் குரல் சரியில்லை" என்று சொன்னாலாவது திருத்திக்கொள்வேன். ஏன் இப்படி?

சொல்ல மாட்டார்கள். ஒரு பாத்திரத்துக்கு மலைபோல் ஃபைல்கள் வரும், கேட்பவர் முதல் சில நொடியிலேயே அடுத்ததற்குத் தாவுவார். தேர்வானால் அழைப்பு வரும், இல்லையென்றால் மௌனம். ஆடிஷன் கொடுப்பதுதான் இந்தத் தொழிலின் அன்றாட வேலை, வேலை கிடைப்பது எப்போதாவது நடப்பது என்று எடுத்துக்கொண்டால் மனசு கொஞ்சம் ஆறும். அனுப்பினேன், மறந்தேன் என்று இருக்கப் பழகுங்கள். நிராகரிப்புக்குக் காரணம் பெரும்பாலும் உங்களிடம் இருக்காது. கதாநாயகன் குரலுக்கும் உங்கள் குரலுக்கும் வித்தியாசம் போதவில்லை என்பதே போதும் உங்களை ஒதுக்க.

ஆனால் உங்கள் பக்கம் சரிபார்க்க வேண்டியவையும் உண்டு. பெயரைச் சொல்லிவிட்டு வரிக்கு வருவதற்குள் நீண்ட இடைவெளி விடாதீர்கள். ஃபைலுக்கு அவர்கள் கேட்ட மாதிரியே பெயர் வையுங்கள், அதைச் செய்யாத ஃபைலைத் திறக்காமலே விடுபவர்கள் இருக்கிறார்கள். குறிப்பில் "கரகரத்த குரல், முரட்டு ஆள்" என்று இருந்தால் எல்லோரும் அதையே அனுப்புவார்கள். அந்த முரடனுக்கு எதில் பயம் என்று யோசித்து இரண்டாவது டேக்கை அனுப்புங்கள்.

மேரியோவுக்குக் குரல் கொடுத்த சார்லஸ் மார்ட்டினே கதை இந்த இடத்துக்குப் பொருந்தும். ஒரு வர்த்தகக் கண்காட்சிக்கான ஆடிஷன் என்று நண்பர் சொல்லிக் கேள்விப்பட்டு, கேமராவைக் கட்டி வைக்கும் நேரத்தில் போய் நின்றவர் அவர். இத்தாலியக் குழாய் ரிப்பேர்க்காரன் என்றதும் முரட்டுக் குரல்தான் முதலில் தோன்றியதாம். குழந்தைகள் கேட்பார்களே என்று மாற்றி, மென்மையும் துள்ளலுமாக பீட்சா செய்வதைப் பற்றி டேப் தீரும் வரை பேசிக்கொண்டே இருந்தார். 1996-ல் சூப்பர் மேரியோ 64 வந்தபோது அந்தக் குரல் உலகத்துக்கே தெரிந்தது, 2023-ல்தான் விலகினார். நேரம் தாண்டிப் போனால் வேலை கிடைக்கும் என்று தயவுசெய்து இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டாம்!

கேள்வி: கத்தும் பாத்திரங்கள் செய்து தொண்டை கட்டிக்கொள்கிறது. தேன், இஞ்சி, வெந்நீர் எல்லாம் பார்த்தாயிற்று. வேறு வழி?

முதலில் ஒரு உண்மை. குடிக்கும் எதுவும் குரல் நாணைத் தொடாது. உணவுக்குழாய் வேறு, குரல் நாண் இருக்கும் மூச்சுக்குழாய் வேறு. தொட்டால் புரையேறிவிடும். தண்ணீர் உடம்பு முழுக்கச் சேர்ந்து நாணின் ஈரமாக வந்து சேர நேரம் பிடிக்கும், அதனால் மைக் முன்னால் நின்று மடக் மடக்கென்று குடிப்பது வாய் உலர்வதற்குத்தான் உதவும். முந்தின நாளிலிருந்தே குடிக்க வேண்டும். நேரடியாக நாணுக்குப் போவது ஆவி மட்டும்தான். மரத்துப் போக வைக்கும் மிட்டாய்களைப் பதிவுக்கு முன் தொடாதீர்கள். வலி தெரியாது, அதனால் வரம்பு எங்கே என்றும் தெரியாது.

சாதாரணப் பேச்சிலேயே ஆண் குரலில் நாண்கள் நொடிக்கு நூறு தடவைக்கு மேலும், பெண் குரலில் இருநூறு அளவிலும் ஒன்றோடொன்று மோதுகின்றன. கத்தும்போது மோதலின் வேகம் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். தொண்டையை இறுக்காமல், மூச்சைத் தாங்கிப் பிடித்துக் கத்துவதற்குப் பயிற்சி இருக்கிறது. தெரிந்தவரிடம் நேரில்தான் கற்க வேண்டும், காணொளி பார்த்து வேண்டாம். தொடங்கும் முன்னும் முடித்த பின்னும் சில நிமிஷம் உதட்டைப் பிர்ரென்று அதிரவிட்டுச் சுருதி ஏற்றி இறக்குவது, ஸ்ட்ரா வழியாக 'ஊ' என்று ஒலி எழுப்புவது இரண்டும் நாணுக்கு இதமானவை. கனைத்துக்கொண்டே இருக்கும் பழக்கத்தை விடுங்கள். குரல் போன அன்றைக்குக் கிசுகிசுவென்று பேசினால் ஓய்வு என்று நினைக்காதீர்கள், அழுத்திக் கிசுகிசுப்பதும் சிரமம்தான். பேசாமல் இருங்கள்.

கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய் உள்ளே கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நாணில் முடிச்சு விழுந்திருந்தால் ஆரம்பத்தில் ஓய்வும் குரல் சிகிச்சையுமே பெரும்பாலும் போதும்.

கேள்வி: வீட்டில் ஸ்டுடியோ வைக்க எந்த மைக் நல்லது? விலை உயர்ந்ததே வாங்கிவிடலாமா?

மைக்கை விடுங்கள், அறையைப் பாருங்கள். நல்ல மைக் எதிரொலியையும் நன்றாகவே பிடிக்கும். துணி தொங்கும் அலமாரிக்குள் தலையை விட்டுப் பேசிய பதிவு, வெறும் சுவர் அறையில் விலை உயர்ந்த மைக்கில் பேசியதைவிட நன்றாக இருக்கும், சோதித்துப் பாருங்கள். மின்விசிறி, ஃபிரிட்ஜ், கணினி விசிறி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் பேசாமல் அரை நிமிஷம் பதிவு செய்யுங்கள். அளவு மைனஸ் 60 டெசிபலுக்குக் கீழே இருந்தால் பரவாயில்லை. வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் தூரம், மைக்கைச் சற்றே பக்கவாட்டில் வைத்தால் 'ப' வெடிக்காது. கத்தும்போது அளவைக் குறைத்து, ஓரடி பின்னால் போய்த் தலையைக் கொஞ்சம் திருப்புங்கள். கேமுக்கு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் ஃபைலாகத்தான் பெரும்பாலும் கேட்பார்கள். வளையல், சரசரக்கும் சட்டை வேண்டாம். சாப்பிடாமல் போனால் வயிறு பேசும், மைக் அதையும் எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: பணம் கட்டினால் வார இறுதி வகுப்பும் டெமோவும் (குரல் மாதிரிப் பதிவு) செய்து கொடுத்து வேலையும் வாங்கித் தருவதாக ஓரிடத்தில் சொல்கிறார்கள். சேரலாமா?

வேலை வாங்கித் தருகிறேன் என்று முதலில் பணம் கேட்பவரிடம் சேராதீர்கள். ஏஜென்ட் என்பவர் உங்களுக்கு வேலை வந்த பிறகு அதில் பங்கு எடுப்பவர். வகுப்பு தனி, அதற்குக் காசு கொடுக்கலாம், ஆனால் யார் சொல்லித் தருகிறார், அவர் எதில் பேசியிருக்கிறார் என்று பார்த்துவிட்டு. இரண்டு நாளில் டெமோ என்பதே தவறான வரிசை. நடிக்கத் தெரிந்த பிறகு செய்வது அது. சுமாரான டெமோவை அனுப்பிவிட்டால் அந்த இடத்தில் மறுபடி உங்கள் பெயரைத் திறந்து பார்க்க வைப்பது கஷ்டம்.

டெமோ ஒன்று ஒன்றரை நிமிஷத்துக்குள் இருக்கட்டும். அனிமேஷனுக்குத் தனி, கேமுக்குத் தனி. முதலில் உங்கள் சொந்தக் குரலுக்குப் பக்கத்தில் இருப்பதை வையுங்கள், பலர் விசித்திரக் குரலைத்தான் முதலில் வைத்துவிட்டுத் தன் குரலைக் காட்டவே மறந்துவிடுகிறார்கள். அறிவிப்பு, இசைத் தொடக்கம் எதுவும் வேண்டாம்.

கேள்வி: எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. பெண். இனிமேல் தொடங்க முடியுமா?

முடியும். முகம் தெரியாத வேலை இது. சிறுவர் பாத்திரங்களுக்குப் பெண்கள்தான் காலம்காலமாகக் குரல் கொடுக்கிறார்கள், ஏனென்றால் நிஜச் சிறுவனுக்குக் குரல் உடைந்துவிடும், தொடரோ பல வருஷம் ஓடும். சிம்ப்சன்ஸில் பார்ட் என்ற பத்து வயதுப் பையனுக்குக் குரல் நான்சி கார்ட்ரைட். நான்சி முதலில் பார்ட்டின் தங்கை லிசா பாத்திரத்துக்குத்தான் ஆடிஷனுக்குப் போனார், அங்கே பார்ட்டைப் பற்றிய குறிப்பைப் பார்த்துவிட்டு இதைப் படிக்கட்டுமா என்று கேட்டு வாங்கினார். ஜப்பானில் மசாகோ நோசாவா 1936-ல் பிறந்தவர், டிராகன் பால் அனிமேஷன் தொடரில் நாயகன் கோகுவுக்கு 1986 முதல் அவர்தான். கோகு வளர்ந்து, மீசை வைக்கிற வயதில் பிள்ளைகள் பெற்ற பிறகும் அவரேதான், அந்தப் பிள்ளைகளுக்கும் அவரேதான்! 2024-ல் வந்த தொடரிலும் பேசினார். அமெரிக்கக் குரல் நடிகை ஜூன் ஃபோரே 2012-ல் எம்மி என்ற தொலைக்காட்சி விருது வாங்கியபோது வயது 94.

ஆனால் இவர்கள் இளமையில் தொடங்கியவர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இப்போது தொடங்கினால் முதல் சில வருஷம் கைக்காசு செலவாகும், இன்னொரு வருமானம் இருப்பது நல்லது.

கேள்வி: பெரிய படங்களில் சினிமா நட்சத்திரங்களையே போடுகிறார்களே, எரிச்சலாக இல்லையா?

இருக்கிறது. விளம்பரத்துக்காகப் போடுகிறார்கள், சிலர் நன்றாகவும் செய்கிறார்கள். தொடரும் கேமும் இன்னும் நம் ஆட்கள் கையில்தான்.

கேள்வி: சம்பளம் எப்படி? கேம் கோடிக்கணக்கில் விற்றால் நமக்கும் பங்கு வருமா?

பெரும்பாலும் வராது. மணிக்கணக்கிலோ அமர்வுக்கு இவ்வளவு என்றோ ஒரு தொகை, அத்தோடு உரிமை முழுவதும் அவர்களுக்கு. இதுதான் நடைமுறை. இதை எதிர்த்துத்தான் அமெரிக்க நடிகர் சங்கமான சாக்-ஆஃப்ட்ரா 2016 அக்டோபரில் 11 கேம் நிறுவனங்களுக்கு எதிராக வேலைநிறுத்தம் தொடங்கியது, அது ஏறக்குறைய 11 மாதம் நடந்தது. தொண்டையை வதைக்கும் பதிவை நான்கு மணி நேரத்திலிருந்து இரண்டாகக் குறைக்க வேண்டும் என்பதும், என்ன கேம், என்ன மாதிரிப் பாத்திரம் என்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பதும் கோரிக்கையில் இருந்தன. விற்பனையில் பங்கு கிடைக்கவில்லை. எத்தனை அமர்வு செய்தீர்களோ அதற்கேற்ப ஒரு கூடுதல் தொகை என்று முடிந்தது. சங்கம் பலமாக உள்ள இடத்திலேயே இவ்வளவுதான் என்றால் தனியாகப் பேரம் பேசுகிறவர் எதைக் கேட்க வேண்டும்? ஒரு அமர்வு எத்தனை மணி நேரம், எத்தனை பாத்திரம் அதில் அடக்கம், திருத்தத்துக்குத் திரும்பக் கூப்பிட்டால் தனிக் காசா, கேமுக்குப் பேசியதை விளம்பரத்தில் போட்டால் என்ன. இந்த நான்கையும் எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: ஏஐ வந்துவிட்டது, இனி மனுஷக் குரல் எதற்கு என்கிறார்கள். இந்த நேரத்தில் இந்தத் துறைக்கு வருவது முட்டாள்தனமா?

பயம் நியாயமானதுதான், மழுப்ப மாட்டேன். "குண்டு தீர்ந்துபோச்சு" மாதிரி குட்டி வரிகளும் கூட்டத்தில் வரும் சின்னப் பாத்திரங்களும்தான் முதலில் போகும். புதியவர்கள் கை பழகிய இடமே அதுதான் என்பதால் எனக்கு அதிகக் கவலை அங்கேதான். கதாநாயகன் குரலுக்கு யாராவது இருப்பார்கள், ஆனால் அந்த யாராவது உருவாகி வரும் படிக்கட்டு இல்லாமல் போகிறது. அழகாக வாசிப்பதை மட்டும் வைத்திருந்தவர்களுக்கு இப்போதே சிரமம், ஏனென்றால் அதை இயந்திரமும் செய்கிறது. டைரக்டர் "அவளை மன்னிச்சுட்டான், ஆனா அது அவனுக்கே இன்னும் தெரியல, அப்படி சொல்லுங்க" என்றால் அதைச் செய்து காட்டுகிறவரைத்தான் இன்னும் கூப்பிடுகிறார்கள்.

சண்டையும் நடந்திருக்கிறது. 2024 ஜூலை 26 முதல் சாக்-ஆஃப்ட்ரா கேம் நிறுவனங்களுக்கு எதிராக மறுபடி வேலைநிறுத்தம் செய்தது, முக்கியப் பிரச்சினையே ஏஐ. 2025 ஜூனில் நிறுத்தம் விலகியது, ஜூலையில் உறுப்பினர்கள் புது ஒப்பந்தத்துக்கு வாக்களித்தார்கள். குரல் நகலைப் பயன்படுத்தினால் சம்மதம் வாங்க வேண்டும், எதற்கு என்று சொல்ல வேண்டும் என்பவை அதில் வந்தன. இது அந்தச் சங்கத்தின் ஒப்பந்தத்துக்குள் வரும் வேலைக்கு மட்டும்தான். மற்றவர்களுக்குக் காவல் அவரவர் கையெழுத்துப் போடும் காகிதம்தான். "இப்போது உள்ள, இனி கண்டுபிடிக்கப்படவிருக்கும் எல்லாத் தொழில்நுட்பத்திலும், எக்காலத்துக்கும்" என்று ஒரு வாக்கியம் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், "பதிவைக் கணினிக்குப் பயிற்சி கொடுக்கவோ குரல் நகல் செய்யவோ பயன்படுத்தக் கூடாது, தேவைப்பட்டால் தனியாக எழுத்தில் சம்மதமும் தனிக் கட்டணமும்" என்று சேர்க்கச் சொல்லுங்கள். முடியாது என்பவர்கள் இருப்பார்கள். அப்போது போவதா வேண்டாமா என்பது அந்த மாதத்து வீட்டு நிலவரத்தைப் பொறுத்தது, அதில் நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆடிஷன் என்ற பெயரில் பக்கம் பக்கமாகச் சம்பந்தமில்லாத வாக்கியங்களை வாசிக்கச் சொன்னால் மட்டும் உஷாராகிவிடுங்கள். ஆடிஷனுக்குச் சில வரிகள் போதும்.

கேள்வி: வீட்டில் எப்படிப் பயிற்சி செய்வது? தினமும் எவ்வளவு நேரம்?

நேரம் முக்கியமில்லை, பார்க்காத எழுத்தைப் படிப்பதுதான் முக்கியம். செய்தித்தாள், மருந்துச் சீட்டு, பழைய கதைப் புத்தகம், எது கிடைத்தாலும் எடுத்து, முன்கூட்டிப் பார்க்காமல் தடுக்காமல் வாசியுங்கள், கண் வாயைவிட அரை வரி முன்னால் ஓட வேண்டும். அப்புறம் ஒரே ஒரு வரியை எடுத்து, யார், யாரிடம், சற்று முன் என்ன என்று மூன்று விதமாக முடிவு பண்ணி மூன்று டேக் பதிவு செய்யுங்கள். மறுநாள்தான் கேட்க வேண்டும், அன்றைக்கே கேட்டால் நினைத்ததுதான் கேட்கும், வந்தது கேட்காது. முடிந்தால் இன்னொருவரிடம் கொடுத்து "இது யார், யாரிடம் பேசுகிறார்?" என்று மட்டும் கேளுங்கள். நல்லா இருக்கா என்று கேட்காதீர்கள், எல்லோரும் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள்.

கேள்வி: முதல் கேம் வாய்ப்பு கிடைத்திருக்கிறது! ஆனால் கேம் பெயரையே சொல்ல மறுக்கிறார்கள். நண்பர்களிடமாவது சொல்லலாமா?

வாழ்த்துகள். சொல்லாதீர்கள். ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியிருப்பார்கள், கேமுக்குப் பொய்ப் பெயர் ஒன்று வைத்திருப்பார்கள், பாத்திரத்தின் நிஜப் பெயர்கூட உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், எல்லாம் வழக்கம்தான். ஸ்டுடியோவில் நின்று படம் எடுத்துப் போடுவதும் வேண்டாம், பின்னால் திரையில் ஒரு வரி தெரிந்தாலே போதும். கேம் வெளியான பிறகும், பெயர்ப் பட்டியலில் உங்கள் பெயர் வந்த பிறகும், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டு அப்புறம் சொல்லுங்கள்.